மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா? பெற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டதிலிருந்து நமது ஊர்களில் மின்சாரக் கார் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. வசதியுள்ளவர்கள் புதிய சீன வாகனங்களை விசாரிக்கிறார்கள். அரச உத்தியோகத்தர், ஆசிரியர், சிறு கடை வைத்திருப்பவர் போன்றோர் 2014, 2015 காலப்பகுதியில் ஜப்பானில் இருந்து வந்து குவிந்த நிஸான் லீஃப் கார்களில் ஒன்றைத் தேடுகிறார்கள். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காத்துக் கிடந்த அனுபவம் யாருக்கும் இன்னும் மறக்கவில்லை.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். 2019 முதல் 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு லீஃப் காரைப் பாவித்து வருகிறேன். இந்த இரண்டு காரணங்களால் ஆசிரியர் ஓய்வறையிலும் கலியாண வீடுகளிலும் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வரும்: “சேர், இந்தப் பெற்றரி எத்தனை வருஷத்துக்குப் போகும்?”

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரே பெற்றரி ஒருவருக்கு இன்றே உதவாததாகவும், இன்னொருவருக்கு மேலும் ஐந்தாறு வருடம் தாராளமாகப் போதுமானதாகவும் இருக்கலாம். நாம் கேட்க வேண்டியவை மூன்று. இன்று பெற்றரியில் எவ்வளவு மிச்சம்? வருடத்துக்கு எவ்வளவு குறையும்? எனது நாளாந்த ஓட்டத்துக்கு எவ்வளவு தேவை? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் லீசிங் பணமும் வீணாகாது.

நூறு சதவீதம் என்பது எதன் நூறு?

கார் பெற்றரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். நமது மின்சாரப் பட்டியலில் வரும் ஓர் அலகும் அதுவும் ஒன்றே. நம் நாட்டுக்கு அதிகமாக வந்த பழைய லீஃபின் பெற்றரி 24 அலகு கொண்டது. புதிதாக இருந்தபோது அதில் பாவிக்கக் கூடியதாக இருந்தது சுமார் 21 அலகு. சாதாரண வீதியில் நிதானமாக ஓட்டினால் ஓர் அலகுக்கு ஆறு முதல் ஏழு கிலோமீற்றர் போகலாம். எனவே புதிய காரின் உண்மையான ஓட்டம் 130, 140 கிலோமீற்றர்தான். ஜப்பானியச் சோதனை முறையில் இதே காருக்கு 228 கிலோமீற்றர் என்று குறிப்பிட்டிருந்தார்கள். நமது வீதிகளில் அந்த எண்ணை நம்பக் கூடாது.

பலரும் தடுமாறும் இடம் இது: பெற்றரி தேய்ந்த பிறகும் முழுதாகச் சார்ஜ் செய்தால் டாஷ்போட்டில் 100 சதவீதம் என்றுதான் காட்டும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் அடியில் சேறு படிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தாங்கியை விளிம்பு வரை நிரப்பலாம். பார்ப்பவருக்கு நிறைந்த தாங்கிதான். ஆனால் எடுக்கக் கூடிய தண்ணீர் குறைவு. 100 சதவீதம் என்பது இன்று மிச்சமிருக்கும் கொள்ளளவின் நூறு.

ஏன் தேய்கிறது?

லிதியம் அயன் பெற்றரியில் சார்ஜ் ஏறும்போது லிதியம் அயன்கள் ஒரு மின்வாயிலிருந்து மற்றதற்கு நகர்கின்றன. ஓட்டும்போது அவை திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் காரீயத்தால் (பென்சிலில் இருக்கும் அதே பொருள்) ஆன மின்வாயின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அந்தப் படலம் பெற்றரிக்குத் தேவையானதுதான். ஆனால் அது வருடக் கணக்கில் தடித்துக்கொண்டே போகும். தடிக்கும்போது கொஞ்சம் லிதியத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட லிதியம் மீண்டும் வேலைக்கு வராது. கொள்ளளவு குறைவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இந்தப் படலம் தடிப்பதை விரைவுபடுத்துபவை இரண்டு. முதலாவது சூடு. இரசாயனத் தாக்கங்களின் வேகம் பத்துப் பாகை செல்சியஸ் கூடும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். பெற்றரிக்குள் நடப்பதும் இரசாயனத் தாக்கம்தான். இரண்டாவது, நீண்ட நேரம் முழுச் சார்ஜில் நிற்பது. அதனால் ஓடாமல் கராஜில் நிற்கும் காரும் தேயும். கிலோமீற்றர் குறைவு என்பதற்காக மட்டும் பெற்றரி நல்லது என்று முடிவு செய்ய முடியாது.

தேய்வோடு பெற்றரியின் உள்தடையும் கூடுகிறது. சமதரையில் இதை உணர மாட்டீர்கள். சார்ஜ் குறைந்த நிலையில் நால்வரை ஏற்றிக்கொண்டு மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது உணர்வீர்கள். வலு குறைக்கப்பட்டு, டாஷ்போட்டில் சிறிய ஆமைப் படம் ஒன்று தோன்றும்.

லீஃபும் நமது வெப்பமும்

லீஃப் 2010 இன் இறுதியில் விற்பனைக்கு வந்தது. சாதாரண குடும்பங்களுக்கு மின்சாரக் காரை அறிமுகப்படுத்திய பெருமை அதற்குண்டு. ஆனால் அதன் பெற்றரியைக் குளிர்விக்கத் திரவமோ குளிரூட்டியோ இல்லை. பெட்டி மூடப்பட்டு, வெளிக்காற்றில்தான் சூடு ஆற வேண்டும். 2012 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கோடையில் 40 பாகையைத் தாண்டும் வெப்பத்தில் காரைப் பாவித்தவர்கள், ஓரிரு வருடத்திலேயே ஓட்டத் தூரம் குறைந்துவிட்டதாக முறையிட்டார்கள். அதன் பின்னர் நிறுவனம் அந்நாட்டில், ஐந்து வருடம் அல்லது 60,000 மைல்களுக்குள் பெற்றரிக் கோடுகள் ஒன்பதுக்குக் கீழே போனால் திருத்தியோ மாற்றியோ தருவதாக உத்தரவாதம் வழங்கியது. பின்னர் வந்த லீஃப் பெற்றரிகளின் இரசாயனக் கலவையும் வெப்பத்தைத் தாங்கும் விதத்தில் மேம்படுத்தப்பட்டது.

நமது நாட்டில் அரிசோனா அளவுக்கு உச்ச வெப்பம் இல்லை. ஆனால் அங்கே குளிர்காலம் வந்து பெற்றரிக்கு ஓய்வு கிடைக்கும். நமது தாழ்நிலப் பகுதிகளின் வருடாந்தச் சராசரியே 27 பாகை அளவில் நிற்கிறது. புத்தளத்திலும் கல்முனையிலும் வெயிலில் நின்ற காரையும், நுவரெலியாவில் இருந்த அதே வயதுக் காரையும் ஒரே விலைக்கு மதிப்பிடுவது சரியல்ல.

வாகனத் தரவுகளைத் திரட்டும் கனடிய நிறுவனமான ஜியோடாப், ஆயிரக்கணக்கான மின்சார வாகனங்களை ஒப்பிட்டு 2019 இல் வெளியிட்ட கணிப்பின்படி சராசரித் தேய்வு வருடத்துக்கு 2.3 சதவீதம். 2024 இல் அது 1.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் 2019 கணிப்பில் 2015 ஆம் ஆண்டு லீஃபின் தேய்வு மட்டும் வருடத்துக்கு 4.2 சதவீதமாக இருந்தது. அதே வருடத் தயாரிப்பான, திரவத்தால் குளிர்விக்கப்படும் டெஸ்லா மொடல் எஸ் காருக்கு 2.3 சதவீதம்தான். மின்சாரக் கார்கள் எல்லாமே இப்படித்தான் தேயும் என்று லீஃபைப் பார்த்துச் சொல்வது பிழை. புதிய கார்களின் கணக்கைக் காட்டி லீஃபை விற்பதும் பிழை.

பன்னிரண்டு கோடுகளின் கணக்கு

லீஃபின் டாஷ்போட்டில் வலப்பக்க ஓரத்தில் பன்னிரண்டு சிறிய கோடுகள் உண்டு. அவை சார்ஜைக் காட்டுபவை அல்ல. பெற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டுபவை. ஜப்பானிய மொழி வாசிக்கத் தெரியாதவரும் இவற்றை எண்ணலாம். ஆனால் எண்ணிவிட்டுப் பலர் தவறான கணக்குப் போடுகிறார்கள்.

பன்னிரண்டில் பதினொன்று இருந்தால் 92 சதவீதம் என்று நினைக்கிறோம். உண்மையில் முதலாவது கோடு மறைவது கொள்ளளவில் ஏறக்குறைய 15 சதவீதம் போன பிறகுதான். அதன் பின் ஒவ்வொரு கோடும் சுமார் 6 சதவீதம். ஆகவே பத்துக் கோடு என்றால் மிச்சம் 72 முதல் 79 சதவீதம் வரை. ஒன்பது என்றால் 66 முதல் 72. எட்டு என்றால் 60 முதல் 66. ஏழு என்றால் 54 முதல் 60. “ஒன்பது கோடு இருக்கு, முக்கால்வாசிப் பெற்றரி இருக்கு” என்று ஒருவர் சொன்னால், உள்ளே மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே இருக்கலாம்.

உங்கள் தூரம், உங்கள் கணக்கு

மாவனல்லையில் இருந்து கண்டிக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போகவர ஏறத்தாழ 52 கிலோமீற்றர். வழியில் முன்னூறு மீற்றருக்கும் மேல் ஏற்றம். ஆட்களோடு 1,700 கிலோகிராம் நிறையுள்ள கார் நூறு மீற்றர் உயர்வதற்கு மட்டும் சுமார் அரை அலகு தேவை. இறக்கத்தில் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், முழுவதையும் தராது.

பெற்றரியில் மிச்சம் 65 சதவீதம் என்றால் பாவிக்கக் கூடியது 13 அலகுக்குச் சற்று அதிகம். அவசரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் 11 அலகு. அலகுக்கு ஆறரை கிலோமீற்றர் வீதம் 71 கிலோமீற்றர். 52 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு இது போதும். மிச்சம் 50 சதவீதமானால்? அதே கணக்கில் 55 கிலோமீற்றர்தான். அதிலிருந்து ஏற்றத்தின் செலவைக் கழிக்க வேண்டும். பேராதனையில் வாகன நெரிசலில் ஒரு மணித்தியாலம் ஏசியோடு நின்றால் ஓர் அலகளவு போய்விடும். வீடு வந்து சேருமா என்ற கவலையோடுதான் ஒவ்வொரு மாலையும் ஓட்ட வேண்டியிருக்கும்.

வருடத்துக்கு நான்கு சதவீதம் குறைந்தால் 65 இலிருந்து 50 க்கு வர நான்கு வருடமும் ஆகாது. அதாவது இவர் வாங்குவது மூன்று, மூன்றரை வருடப் பாவனை. ஐந்து வருட லீசிங்கில் இந்தக் காரை எடுத்தால், கார் தன் வேலைக்கு உதவாமல் போன பிறகும் தவணை கட்ட வேண்டி வரும். அதே 50 சதவீதப் பெற்றரி, காத்தான்குடியில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்று கடைக்கும் போய்வரும் ஒருவருக்கு, நாளுக்கு 15 கிலோமீற்றர் என்றால், இன்னும் பல வருடம் கஷ்டமில்லாமல் உழைக்கும்.

எனது காரை வாங்கும்போது பத்துக் கோடு இருந்தது. இப்போது ஏழு. எனது நாளாந்த ஓட்டம் 14 கிலோமீற்றர். இரண்டு அலகு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது. கொழும்புக்கு அதில் போக முடியாது; அது வாங்கும்போதே தெரிந்த விடயம். பஸ்ஸில் போய் வருகிறேன்.

வாங்கும் முன்

கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். காரின் கணினியை மீளமைத்தால் சில காலத்துக்குக் கோடுகள் முழுமையாகத் தெரியும். கணினி உண்மையை மீண்டும் கற்றுக்கொண்ட பிறகு அவை ஒவ்வொன்றாக மறையும். அதற்குள் கார் கைமாறியிருக்கும். மிச்சத் தூரம் என்று காட்டப்படும் எண்ணும் அண்மைய ஓட்டத்தை வைத்துக் கணிக்கப்படுவதே. கண்டியிலிருந்து இறங்கி வந்த காரில் அது அழகாகத்தான் இருக்கும்.

செய்யக் கூடியவை இவை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைத் துளையில் ஒரு சிறிய புளூடூத் கருவியைப் பொருத்தி, ‘லீஃப் ஸ்பை’ என்ற கைப்பேசிச் செயலியால் உள்ளே பாருங்கள். ஆரோக்கியச் சதவீதத்தோடு அம்பியர் மணிக் கணக்கையும் அது காட்டும். புதிய 24 அலகுப் பெற்றரிக்கு அது 65 அளவில் இருக்கும். 96 கல இணைகளின் அழுத்தத்தையும் வரிசையாகக் காணலாம். சார்ஜ் குறைந்த நிலையில் ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால், அந்தப் பலவீனமான கலங்களே முழுப் பெற்றரியின் எல்லையைத் தீர்மானிக்கும்.

கணினி மீளமைக்கப்பட்டிருந்தால் செயலியின் சதவீதமும் ஏமாற்றலாம். எனவே ஓட்டிப் பாருங்கள். முழுச் சார்ஜோடு புறப்பட்டு, நீங்கள் தினமும் போகும் அதே பாதையில், ஏசியைப் போட்டுக்கொண்டு போய்வாருங்கள். சதவீதம் எவ்வளவு குறைந்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு கார் பாருங்கள்.

‘பெற்றரி மாற்றியது’ அல்லது ‘திருத்தியது’ என்று சொன்னால் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். லீஃபின் பெற்றரி 48 தொகுதிகளால் ஆனது. சில இடங்களில் பலவீனமான சில தொகுதிகளுக்குப் பதிலாக வேறு பழைய பெற்றரியின் தொகுதிகளைப் போடுவார்கள். நன்றாகப் பொருத்தம் பார்த்துச் செய்தால் அது பயனுள்ள திருத்தம். ஆனால் புதிய பெற்றரிக்குச் சமமாகாது. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். செலவைக் குறைக்கத் தாமே திறந்து பார்க்க யாரும் துணிய வேண்டாம். உள்ளே இருப்பது 400 வோல்ற்றை நெருங்கும் நேரோட்டம். உயிர் போகும்.

வைத்திருப்பவர்களுக்கு

நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் ஓடி வந்த உடனே சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மின்சாரம் மலிவு. பெற்றரியும் அந்த நேரத்தில்தான் ஆறியிருக்கும். நேரக் கணிப்பானை வைத்து, சுபஹுக்கு எழும்பும் நேரத்தில் சார்ஜ் முடியும்படி செய்தால் காசும் மிச்சம், முழுச் சார்ஜில் கார் நிற்கும் நேரமும் குறைவு. தேவை குறைந்தவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்தி, இடைக்கிடை மட்டும் முழுமையாகச் சார்ஜ் செய்யலாம். வெளியூர் போகும்போது முழுச் சார்ஜிலோ அடியோடு இறங்கிய நிலையிலோ விட்டுச் செல்லாமல் பாதியளவில் வைத்துச் செல்லுங்கள். அதிவேகச் சார்ஜ் தேவைக்குப் பாவிப்பதற்கு. ஒரே நாளில் மீண்டும் மீண்டும் போட்டால் லீஃபில் சூடு ஏறிக்கொண்டே போகும். அதைக் காட்டும் மானியும் டாஷ்போட்டிலேயே இருக்கிறது.

புதிய கார் வாங்குபவர்கள் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். பெற்றரி திரவத்தாலோ குளிரூட்டியாலோ குளிர்விக்கப்படுகிறதா? எந்த வகை இரசாயனம்? பீ.வை.டி. கார்களில் உள்ளது போன்ற லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகை நீண்ட ஆயுள் கொண்டது. அதன் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்பதால் மிச்சத்தைக் கணினி சரியாகக் கணிக்க இடைக்கிடை முழுச் சார்ஜ் தேவை. 80 சதவீத அறிவுரையை எல்லாக் காருக்கும் ஒரேவிதமாகப் பொருத்தாமல், கையேட்டைப் பாருங்கள். 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர், 70 சதவீதம் என்ற உத்தரவாதம் பல நிறுவனங்களிடம் உண்டு. அது இலங்கையில் யார் பெயரில், எந்த நிபந்தனையில் செல்லுபடியாகும் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

காருக்கு உதவாத பெற்றரி குப்பைக்குரியதல்ல. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரிலுள்ள யொஹான் குரைஃப் உதைபந்தாட்ட அரங்கில் 2018 முதல் 148 லீஃப் பெற்றரிகளின் கலங்கள் மின்சாரத்தைச் சேமிக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி காரில் ஓடித் தேய்ந்தவை. ஆகவே தேய்ந்த பெற்றரிக்கும் ஒரு நியாயமான விலை உண்டு. அந்த விலை உண்மையைச் சொல்லிப் பெறப்பட வேண்டும்.

நம்மவர்களில் கணிசமானோர் வாகன வியாபாரத்தில் இருக்கிறார்கள். பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புதிய பாடமல்ல. பழைய காலத்தில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வாங்குபவர் குறையைக் கண்டுபிடிப்பார். பெற்றரி சத்தம் போடாது. அதனால் விற்பவரின் வாக்குக்கு முன்னரைவிட அதிக நிறை இருக்கிறது. வருடம், கிலோமீற்றர், நிறம் என்று விளம்பரத்தில் எழுதும் இடத்தில், பெற்றரியின் ஆரோக்கியச் சதவீதத்தையும் சோதித்த திகதியையும் சேர்த்து எழுதுங்கள். ஒருவர் தொடங்கினால் வாங்குபவர்கள் மற்றவர்களிடமும் அதைக் கேட்கத் தொடங்குவார்கள். மாதச் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு கார் வாங்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி தேவையில்லை.